வாடகைக்கு விட முதல் வீடு வாங்குவோருக்கு: தமிழ்நாட்டில் கணக்கு, பத்திரம், ஒப்பந்தம்

மாதாமாதம் வாடகை வரவேண்டும் என்ற நோக்கத்தோடு தமிழ்நாட்டில் முதல்முறையாக ஓர் அடுக்குமாடி வீடு வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னைப் புறநகரில் ஒரு பழைய வீட்டை மறுவிற்பனையில் வாங்கி, அதைச் சீர்செய்து வாடகைக்கு விட்டு முடிப்பதற்குள் வங்கி, சார்பதிவாளர் அலுவலகம், மாநகராட்சி, மின்வாரியம் எனப் பல இடங்களுக்கு நடக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் இடத்திலும் அந்தந்த வேலையை மட்டும் சொன்னார்களே தவிர, எந்தத் தாள் எந்தக் கட்டத்தில் கையில் இருக்க வேண்டும் என்பதை முழுவதுமாகச் சொன்னவர் எவருமில்லை. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன். பணம் கைமாறும் முன் தாள் சரியாக இருக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான அலைச்சல் குறைந்துவிடும்.

1. வீடு பார்க்கப் போகும் முன் கணக்குப் போடுங்கள்

"வாடகையே இஎம்ஐயைக் கட்டிவிடும்" என்று தரகர் சொன்னால், அந்த இடத்திலேயே ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 60 லட்சம் ரூபாய் விலையுள்ள மறுவிற்பனை வீடு ஒன்றுக்கு மாதம் 18,000 ரூபாய் வாடகை கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அதாவது 5 லட்சத்து 40 ஆயிரம். தரகு 60 ஆயிரம், வழக்கறிஞர் கட்டணம் 20 ஆயிரம், வண்ணப்பூச்சும் சில்லறைப் பழுதுகளும் 80 ஆயிரம் என்றால், வீடு உங்களுக்கு அடங்கும் விலை 67 லட்சம்.

இனி வரவைப் பார்ப்போம். ஆண்டு வாடகை 2,16,000 ரூபாய். அதில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும் என்று 18,000, புதுக் குடித்தனம் கொண்டுவரும் தரகருக்கு ஆண்டுச் சராசரியாக 9,000, சொத்து வரிக்கும் குடிநீர் வரிக்கும் 8,000, பழுதுகளுக்கு 20,000 ஆகியவற்றைக் கழித்தால் 1,61,000 மிஞ்சும். 67 லட்சத்துக்கு இது ஆண்டுக்குச் சுமார் 2.4 சதவீதம்தான். இதே வீட்டுக்கு 48 லட்சம் ரூபாய் கடனை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 41,650 ரூபாய் வரும். முதல் ஆண்டில் வட்டி மட்டுமே நான்கு லட்சத்தைத் தொடும் நிலையில், மிஞ்சும் வாடகை அதில் பாதியைக்கூட ஈடுகட்டாது.

இந்தக் கணக்கைக் காட்டி யாரையும் பயமுறுத்துவது என் நோக்கமன்று. வாடகையோடு சேர்த்து நில மதிப்பின் உயர்வையும் நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால், வாடகை வந்தால்தான் தவணை கட்ட முடியும் என்ற நிலையில் இருப்பவர் இப்போதைக்கு வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கடன் குறைவாகவும் கைப்பணம் அதிகமாகவும் உள்ளவருக்கே இது நிம்மதியான முதலீடாக அமையும்.

வாடகைத் தொகையை விளம்பரங்களைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் வாடகை. அதே வளாகத்தில் குடியிருக்கும் இருவரிடமோ காவலாளியிடமோ கேட்டால், உண்மையில் கொடுக்கும் வாடகை தெரிந்துவிடும்.

2. வீட்டை வாடகைக்கு வருகிறவரின் கண்ணால் பாருங்கள்

பேருந்து நிறுத்தம், பள்ளி, அலுவலகம் ஆகியவற்றுக்கு நடக்கும் தூரம், தண்ணீர் வசதி, இரு சக்கர வாகனம் நிறுத்த இடம் ஆகிய இவைதான் வாடகையைத் தீர்மானிக்கின்றன. குளியலறைக் குழாயின் வாயைக் கவனியுங்கள். அங்கே வெள்ளையாக உப்பு தடித்துப் படிந்திருந்தால், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது என்று பொருள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் அடக்கமா என்று சங்கச் செயலாளரிடம் கேளுங்கள். மேல்மாடி வீடு என்றால் ஒரு நல்ல மழைக்குப் பிறகு போய்க் கூரையைப் பாருங்கள். மற்ற மாடிகளில், மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர்கீழே உள்ள கூரையில் ஈரக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக அந்த ஓரிடத்தில் மட்டும் வண்ணம் அடித்திருந்தால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குடியிருப்போர் சங்கத்தின் கடைசிச் சில கூட்டக் குறிப்புகளைப் படித்துவிடுவது மிகவும் பயன் தரும். மின்தூக்கி மாற்றுவது, கட்டடம் முழுவதற்கும் வண்ணம் அடிப்பது போன்ற பெரிய செலவுகள் முன்பே முடிவாகியிருந்தால், வாங்கிய சில மாதங்களில் உங்கள் பங்கைக் கேட்பார்கள்.

3. பத்திரங்களைச் சரிபாருங்கள்

முன்பணம் கொடுக்கும் முன் கீழ்க்கண்டவற்றின் நகல்களை வாங்கி, உங்கள் சொந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி எழுத்து வடிவில் கருத்துப் பெறுங்கள்: விற்பவர் பெயரிலுள்ள கிரயப் பத்திரம் (விற்பனைப் பத்திரம்), குறைந்தது 30 ஆண்டுகளுக்கான தாய்ப்பத்திரங்கள் (சொத்து முன்பு கைமாறிய பழைய பத்திரங்கள்), வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்), பட்டா, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் பெற்ற வரைபடம், கட்டட நிறைவுச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது, சங்கத்தின் நிலுவையின்மைச் சான்று. வங்கியின் வழக்கறிஞர் பார்க்கிறாரே, போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். அவர் வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு தேடுகிறவர். அவருடைய அறிக்கையைப் பல நேரம் உங்களுக்குக் காட்டவும் மாட்டார்கள்.

வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதில் வருவது பதிவு செய்யப்பட்ட ஆவணங்கள் மட்டுமே. பதிவு செய்யாத உயில், நிலுவையிலுள்ள வழக்கு, கட்டாமல் விட்ட வரி ஆகியவை அதில் தெரியாது. "வில்லங்கம் இல்லை" என்று வந்துவிட்டதாலேயே நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

மறுவிற்பனை வீடுகளில் அதிகம் சிக்கல் தருவது வாரிசுரிமை. நான் வாங்கிய வீட்டின் நிலம் முன்பு ஒரு குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. தந்தை இறந்த பிறகு பிள்ளைகள் எழுதிக்கொடுத்த பத்திரத்தில் கையெழுத்திட்ட பெயர்களை, வாரிசுச் சான்றிதழிலுள்ள பெயர்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, மணமாகி வெளியூர் போன ஒரு மகளின் பெயர் பத்திரத்தில் இல்லை. அவர் தம் பங்கை முன்பே தனி விடுதலைப் பத்திரத்தின் மூலம் விட்டுக்கொடுத்திருந்தார் என்பதும், அதன் நகல் விற்பவரிடம் இல்லை என்பதும் பிறகு தெரிந்தது. நகல் மனு போட்டு அதைப் பெறும்வரை வங்கி கடனை விடுவிக்கவில்லை. ஆகவே வாரிசுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டதோடு நிறுத்தாமல், அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கையெழுத்தோ ஒரு விடுதலைப் பத்திரமோ இருக்கிறதா என்று பேனாவால் குறித்துப் பாருங்கள்.

உரிமையாளர் தமக்குப் பதிலாக விற்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்தின் மூலம் விற்றால், பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா, அந்தப் பவர் ரத்து செய்யப்படாமல் இருக்கிறதா என்பதை உறுதி செய்யுங்கள். முடிந்தால் அவரிடமே பேசிவிடுங்கள். பிரிக்கப்படாத நிலப் பங்கு (மொத்த மனையில் உங்கள் வீட்டுக்கு உரிய பங்கு) எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் கட்டடம் பழையதாக ஆக உங்கள் சொத்தின் மதிப்பு அந்த நிலத்தில்தான் தங்கி நிற்கும்.

கட்டி முடிக்காத புதுத் திட்டத்தில் வாங்குவதானால், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ 8 வீடுகளுக்கு மேற்பட்டோ கட்டப்படும் திட்டங்கள் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணை ஆணையத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள். முதல் வாடகை வீட்டைப் பொறுத்தவரை, கட்டி முடிந்து மின் இணைப்பும் பெற்ற வீட்டையே நான் பரிந்துரைப்பேன். ஒப்படைப்பு தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் வாடகை இல்லாத மாதம்.

4. கடனுக்கும் கையிருப்புக்கும் வழி செய்யுங்கள்

ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பின் 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனில் 80 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 சதவீதம் வரையுமே வங்கி கொடுக்கலாம். பொதுவாக இந்த மதிப்பில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேராது. மேலே சொன்ன 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 48 லட்சம் கடன் கிடைத்தாலும், 12 லட்சமும் பதிவு முதலிய செலவுகளும் சேர்த்து 19 லட்சம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். கடனுக்கான பரிசீலனைக் கட்டணமும், ஆவண ஒப்படைப்பு அடமானத்தை (வீட்டுப் பத்திரங்களை வங்கியிடம் ஈடாக ஒப்படைப்பதை) பதிவு செய்யும் செலவும் இதற்கு மேல். இவை போக, ஆறு மாதத் தவணையைத் தொடாத பணமாக வைத்திருங்கள். வங்கி மதிப்பீட்டாளர் விலையைவிடக் குறைவாக மதிப்பிட்டால் கடனும் குறையும் என்பதால், கடன் ஒப்புதல் கைக்கு வரும் முன் பெரிய முன்பணம் கொடுக்க வேண்டாம்.

5. ஒப்பந்தமும் கிரயமும்

தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்வது 2012 டிசம்பர் முதல் கட்டாயம். கடன் கிடைக்காமல் போனாலோ உரிமையில் குறை தெரியவந்தாலோ முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதை அதில் எழுதிவிடுங்கள். முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது.

தீர்வைகளைப் பொறுத்தவரை, மறுவிற்பனை வீட்டுக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் உண்டு. கட்டுநரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் அடுக்குமாடி வீட்டுக்கு, 2023 டிசம்பர் முதல், 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதமும் 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதமும் வசூலிக்கப்படுகின்றன.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டிய பொறுப்பு வாங்குபவருடையது. பிடித்த மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் கட்ட வேண்டும்; தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணமும் வட்டியும் உங்கள் தலையில் விழும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் இதைவிடப் பல மடங்கு அதிகம், முறையும் வேறு. அப்படியான விற்பனையில் பட்டயக் கணக்காளரின் உதவி இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

6. பெயர் மாற்றங்கள்

பதிவு முடிந்த வாரத்திலேயே சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு, பட்டா, சங்கப் பதிவேடு ஆகிய எல்லாவற்றிலும் பெயர் மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். வாடகை ஒப்பந்தப் பதிவின்போது உரிமைக்கான சான்று கேட்பார்கள். நகர்ப்புறச் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையாகக் குறையும்.

7. குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுங்கள்

காலம் பார்த்து வீட்டைத் தயார் செய்யுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை, பள்ளி மாறும் பருவத்தில், குடும்பங்கள் அதிகம் வீடு தேடுகின்றன. ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டுக்குக் குடிபோக விரும்பாதவர்கள் பலர் என்பதால், ஆனி முடிவதற்குள் ஆள் அமையாவிட்டால் ஆவணி வரை காத்திருக்கவும் தயாராக இருங்கள். பதட்டத்தில் முதலில் வந்தவருக்கே கொடுத்துவிடுவதைவிட ஒரு மாத வாடகையை இழப்பது மேல் என்றே நான் கருதுகிறேன்.

வருகிறவரிடம் ஆதார் நகல், வேலைக்கான சான்று, முந்தைய வீட்டு உரிமையாளரின் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பணிவாகக் கேட்டு வாங்குங்கள். முந்தைய உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: வாடகை நாள் தவறாமல் வந்ததா, காலி செய்தபோது வீடு எப்படி இருந்தது. தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் வாடகைதாரர் விவரங்களைச் சரிபார்க்க விண்ணப்பிக்கும் வசதியும் உண்டு.

8. வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள்

பதினொரு மாதத்துக்கு எழுதினால் பதிவு தேவையில்லை என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தைப் பொறுத்தவரை அது சரியாக இருக்கலாம். ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், எத்தனை மாத வாடகையானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. இதற்கென்று அரசின் தனி இணையதளம் உள்ளது. இரு தரப்பு அடையாளச் சான்றுகள், புகைப்படங்கள், கையெழுத்திட்ட ஒப்பந்தம், உரிமைச் சான்று ஆகியவற்றைப் பதிவேற்றினால், சரிபார்ப்புக்குப் பின் வாடகைப் பதிவு எண் கிடைக்கும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வாடகை தொடர்பான சான்றாக ஏற்க முடியாது என்று சட்டமே கூறுவதால், நாளை வாடகை நின்றுபோனால் அந்த எண்தான் உங்களுக்குத் துணை.

ஒப்பந்தத்தில் கீழ்க்கண்டவை விட்டுப்போகக் கூடாது.

முன்பணம்: வேறு உடன்பாடு இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் பாதுகாப்பு வைப்பு வாங்குவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. பத்து மாத முன்பணம் என்ற பழைய வழக்கத்தை மறந்துவிடுவது நல்லது. வாங்கும் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அது உங்கள் பணமன்று.

வண்ணப்பூச்சு: காலி செய்யும்போது வண்ணம் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பரவலான பழக்கம். எழுதாமல் பிடித்தால் சண்டை உறுதி. எத்தனை ஆண்டு குடியிருந்தால் எவ்வளவு என்று எழுதிவிடுங்கள். மூன்று ஆண்டு இருந்த ஒருவரிடம் சுவர் மங்கியதற்காகப் பணம் பிடிப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

பழுதுகள்: சுவர், கூரை, மறைவான குழாய், மின்கம்பி ஆகியவை உரிமையாளரைச் சேர்ந்தவை, குழாய்த் திருகு, விளக்கு, தாழ்ப்பாள் போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவரைச் சேர்ந்தவை என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள்.

வாடகை உயர்வு: எப்போது, எத்தனை சதவீதம் என்பதையும், காலி செய்ய எத்தனை மாத அறிவிப்பு தேவை என்பதையும் எழுதுங்கள். பராமரிப்புக் கட்டணம் வாடகையில் அடக்கமா, தனியா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சாவி கொடுக்கும் நாளில், மின்விசிறி, விளக்கு, நீர்சூடாக்கி, சாவிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மின்மானியின் அளவைத் தேதியோடு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின் கணக்கீடு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை நடப்பதால், நடுவில் வருகிறவரும் போகிறவரும் ஒரே ரசீதைப் பங்கிட வேண்டியிருக்கும். அப்போது அந்தப் படம் ஒன்றுதான் கணக்கைத் தீர்க்கும்.

குடிவந்த பிறகு அது உங்கள் வீடாக இருந்தாலும் அவருடைய இல்லம். சட்டப்படி, நுழைவதற்கு 24 மணி நேரம் முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பதைச் சட்டம் தடை செய்கிறது, துண்டித்தால் உங்கள் மீதே நடவடிக்கை வரும். இரண்டு மாத வாடகை நிலுவையாகி, எழுத்து மூலம் கேட்டு ஒரு மாதத்துக்குள்ளும் அவர் கட்டாவிட்டால், வாடகை நீதிமன்றத்தை அணுகுவதே சரியான வழி.

9. வருமான வரிக்குக் கணக்கு வையுங்கள்

வாடகையை வங்கி வழியாகவே வாங்குங்கள். ஆண்டு வாடகையிலிருந்து நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை ரசீது எதுவும் இல்லாமலே கழித்துக்கொள்ளலாம். அதனால் பழுதுபார்ப்பு, தரகு ஆகியவற்றைத் தனியாகக் கழிக்க முடியாது. கடன் வட்டி அடுத்த கழிவு. வட்டி வாடகையைவிட அதிகமாகி நட்டம் வந்தால், பழைய வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பளம் போன்ற பிற வருமானத்தில் ஈடுகட்டலாம்; மிச்சத்தை எட்டு ஆண்டுகள் வரை கொண்டுசெல்லலாம். புதிய வரி முறையில் அந்த நட்டத்தைப் பிற வருமானத்தில் ஈடுகட்ட முடியாது. "வீட்டுக் கடன் வாங்கினால் வரி மிச்சம்" என்ற பேச்சை நம்பி வாங்கும் முன், நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

குடியிருப்பவர் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கோருபவராக இருந்து, ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் உங்கள் பான் எண்ணைக் கேட்பார். தயங்காமல் கொடுங்கள். மாத வாடகை 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் அவர் 2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். அதற்கான சான்றை மறக்காமல் வாங்கி வையுங்கள்.

10. காலி செய்யும்போது

அறிவிப்பு வந்த நாளிலேயே அடுத்த குடித்தனத்துக்குத் தரகரிடம் சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். மின்மானி அளவை மீண்டும் படம் எடுத்து, நடப்புக் கட்டணத்தைக் கணக்கிட்டு, சங்க நிலுவை இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, பிடித்தங்களை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்து மீதி முன்பணத்தைத் திருப்பிவிடுங்கள். இதற்குச் சட்டம் தரும் காலம் ஒரு மாதம். வீட்டைக் காலி செய்து ஒப்படைத்தேன், முன்பணக் கணக்கு தீர்ந்தது என்று அவரிடம் கையெழுத்து வாங்கி, சாவிகளை எண்ணிப் பெற்றுக்கொண்ட பிறகே அடுத்தவரிடம் முன்பணம் வாங்குங்கள்.